பருப்பும் காசும்

"கல்லுக்கு ஜாதகம் எழுதி வைத்தவன் யார், ஐயா?"

படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவிலே, முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று இந்தக் கேள்வியைத் தொடுத்தார் ஒரு பெரியவர். நெற்றியிலே நீறு, கையிலே மடித்த குடை, குரலிலே குறும்பு. எகிப்து நாட்டுப் பிரமிடுகளின் கல் நான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியிலே விளைந்தது என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"நாலரைக் கோடி என்று எண்ணிப் பார்த்தீரா? எங்கள் புராணத்திலே யுகக் கணக்கு இருந்தால் அது புளுகு. உங்கள் புத்தகத்திலே கோடிக் கணக்கு இருந்தால் அது மட்டும் அறிவோ?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கேள்வியைக் கேட்டல்ல, கேட்டவரின் நெற்றியைப் பார்த்து. சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, உரக்கச் சிரித்த இளைஞர் நால்வரைத் தனியே அழைத்து, "பெரியவருக்கு என்ன பதில்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கடைசியில் ஒருவர் சொன்னார்: "விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்."

தோழர்களே, "சாத்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வாய்தான் வேறு, வாக்கியம் ஒன்று. ஏன், எப்படி என்று கேட்பதற்காகவே பிறந்த கூட்டம் நாம். அந்தக் கேள்வியை எதிரணியார் நம்மை நோக்கிக் கேட்கும்போது சிரித்து மழுப்புவது வெற்றியாகாது. அன்று அந்த அரங்கிலே பகுத்தறிவோடு பேசியவர் ஒருவர் உண்டென்றால், அவர் அந்தப் பெரியவர்தான்! ஆகவே அவருக்குப் பதில் சொல்வோம். நம் இளைஞருக்கும் அதுவே பாடமாகட்டும்.

கி.மு. 25ஐ ஒட்டி, ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் எகிப்துக்குச் சென்றார். பிரமிடுகளின் அடியிலே குவிந்து கிடந்த கற்சில்லுகளிடையே, மைசூர்ப் பருப்பின் வடிவிலும் அளவிலும் சிறு சிறு கற்கள் கிடந்தன. அவை என்ன என்று கேட்டார். பிரமிடு கட்டிய கூலியாட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டது என்றார்கள். கதை முடிந்தது, கேள்வியும் முடிந்தது. நல்ல வேளையாக ஸ்ட்ராபோவின் நினைவிலே வேறொன்று குறுக்கிட்டது. தம் சொந்த நாட்டிலே, சமவெளி நடுவில் நீண்டதொரு குன்று உண்டு. அதிலும் இதே பருப்புக் கற்கள் நிறைந்திருக்கின்றன என்று அவர் எழுதி வைத்தார். அங்கே யார் பிரமிடு கட்டினார்கள்? எந்தக் கூலியாள் அங்கே பருப்புச் சோறு தின்றான்? ஸ்ட்ராபோவுக்கு விடை தெரியவில்லை. ஆனால் ஓரிடத்துக் கல்லை மற்றோரிடத்துக் கல்லோடு ஒப்பிட்டாரே, அந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்ததுதான் இன்றைய கணக்கு முழுவதும். அவருக்கு நான்கு நூற்றாண்டு முந்தியே ஹெரோடோட்டஸ், எகிப்தின் மலைகளிலே சிப்பிகள் கிடப்பதைக் கண்டு, அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கும் என்று ஊகித்திருந்தார்.

எகிப்திலே பருப்பு என்றால், ஐரோப்பாவிலே காசு! ஹங்கேரி நாட்டை 1077 முதல் 1095 வரை ஆண்ட லாஸ்லோ மன்னனைப் பற்றி ஒரு கதை. புறமுகுகாட்டி ஓடிய பகைவர் பொற்காசுகளை வீசி எறிந்தனராம். துரத்திய வீரர்கள் பகைவனை விட்டுவிட்டுக் காசு பொறுக்கக் குனிந்தனராம். மன்னன் ஆண்டவனை வேண்ட, காசெல்லாம் கல்லாயிற்றாம். மன்னனைப் புனிதனாக்கிவிட்டார்கள், நிலத்திலே கிடந்த வட்டக் கற்களைப் 'புனித லாஸ்லோவின் காசு' என்றார்கள். சாமிக்குச் சான்றாகக் கல், கல்லுக்கு விளக்கமாகச் சாமி. இந்த வட்டத்துக்குள் நுழைந்தவன் வெளியே வர வழியே இல்லை.

பருப்பும் அல்ல, காசும் அல்ல. இரண்டும் ஓர் உயிரின் கூடுகள்.

போராமினிபெரா என்பது அந்த உயிரினக் கூட்டத்தின் பெயர். துளை தாங்கிகள் என்று பொருள். உடல் முழுவதும் ஒரே ஓர் உயிரணு. அந்த ஒற்றை அணு, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. முதலில் ஓர் அறை. வளர்ந்ததும் அடுத்த அறை, அதன் பக்கத்தில் அதற்கடுத்தது. பெரும்பாலானவை ஒரு மணலளவுகூட இரா. ஆனால் சில குடும்பங்கள் வியக்கத்தக்க அளவுக்கு வளர்ந்தன. பாசிகளைத் தம் உடலுக்குள் குடிவைத்துக்கொண்டு, அவை வெயிலிலே சமைக்கும் உணவில் பங்கு பெற்று வாழ்ந்ததே அதற்குக் காரணம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே வீட்டுக்காரனும் வெளிச்சம் எட்டும் ஆழத்திலேயே வாழ வேண்டும். இன்றும் இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் வெதுவெதுப்பான தெளிந்த நீரில் இவற்றின் உறவினர் வாழ்கின்றனர். இத்தகைய கூடுகள் நெருங்கக் குவிந்த ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கண்டால், அங்கே ஆழமற்ற, வெயில் புகுந்த, வெப்பக் கடல் கிடந்தது என்று சொல்வதற்கு ஞானதிருஷ்டி வேண்டியதில்லை.

கிசே நகரத்துக் கல்லில் கிடப்பது நும்முலைட் என்ற இனம். சிறு காசு என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். லாமார்க் 1801ல் இட்டது. கிசேவின் நும்முலைட்டை முதலில் விவரித்தவர் லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கால். 1763ல் ஏமன் நாட்டிலே காய்ச்சலில் மாண்டு போனார். அவருடைய குறிப்புகளை உடன் சென்ற நீபூர் 1775ல் அச்சேற்றினார். காசளவுக் கூடு ஒன்றை நடுவாக இரண்டாய்ப் பிளந்து பாருங்கள். முறுக்குப் பிழிந்தது போலச் சுற்றுக்குள் சுற்றாக ஓடும் சுருள்; சுருள் நெடுகச் சிறு சிறு அறைகள்; நட்டநடுவே முதல் அறை. பிளப்பதும் எளிது. தீயில் நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டால் நடுத்தளத்திலே விரிந்துவிடும். அறிஞர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த முறை அது.

இதிலே ஒரு வேடிக்கை. பருப்பளவுக் கூட்டிலே முதல் அறை பெரியது. காசளவுக் கூட்டிலே முதல் அறை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இரண்டும் ஒரே பாறையில் எப்போதும் இணைபிரியாமல் கிடக்கும். இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று எண்ணி, அறிஞர்கள் தனித்தனிப் பெயர் சூட்டி ஏமாந்தனர். அவை ஒரே இனத்தின் இரு தலைமுறைகள், ஒன்று பாலின்றிப் பிறந்தது, மற்றொன்று பாலிணைவால் பிறந்தது என்ற உண்மையை 1880களில் மூனியே சால்மா முதலிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் துலக்கத் தொடங்கினர். எகிப்தியன் கண்ட பருப்பும் ஹங்கேரியன் கண்ட காசும் ஒரே குடும்பம்! ஆயிரம் ஆண்டு கதை சொன்னாலும் இந்த உறவு வெளிப்பட்டிருக்குமா?

சரி, வயது? பெரியவரின் கேள்வி அதுதானே.

முதலில் வரிசை, பிறகுதான் ஆண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு. அடுக்கி வைத்த பாத்திரங்களில் அடியில் இருப்பது முதலில் வைத்தது. பூமி மடங்கிக் கவிழாத இடங்களில் பாறை அடுக்குக்கும் இதே நியாயம். இங்கிலாந்திலே கால்வாய் வெட்டும் வேலையிலிருந்த நில அளவையாளர் வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய படிவங்கள் உண்டு, அவை எங்கும் அதே வரிசையில்தான் வருகின்றன என்று கண்டு, 1815ல் தம் நாட்டுக்கே பாறைப் படம் வரைந்தார். கவனியுங்கள், டார்வினின் நூல் வந்தது 1859ல். பரிணாமக் கொள்கைக்குப் பொருந்துமாறு வரிசையை யாரும் அடுக்கவில்லை. கல் வெட்டியவன் கண்ட வரிசை அது.

அந்த வரிசையிலே பெரிய போராமினிபெராக்களின் வரலாறு அரச மரபுகளின் வரலாறு போன்றது. தக்களி போல நடுவே பருத்து இருமுனையும் கூர்ந்த ஃபியூசுலினா குடும்பம், கார்பன் காலத்திலே தலையெடுத்துப் பெர்மியன் காலம் முழுவதும் ஆண்டு, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவிலே பூண்டற்றுப் போயிற்று. அதன்பின் ஒரு கல்லிலும் அது தலைகாட்டவில்லை. டைனோசர்களின் கடைசிக் காலத்திலே ஆர்பிடாய்டிஸ் முதலியவை ஆண்டன. அவையும் மாய்ந்தன. பிறகு வந்தன நும்முலைட்டுகள். வந்து, பெருகி, ஸ்பெயினிலிருந்து ஜாவா வரை பரந்து கிடந்த டெதிஸ் கடலின் ஓரமெங்கும் மலை மலையாகக் குவிந்து, அவையும் மறைந்தன. மாய்ந்த இனம் மீண்டும் வந்ததில்லை. மறுபிறவி மனிதனுக்கு உண்டென்று சொல்கிறவர்கள் ஒரு நும்முலைட்டுக்காவது அதைக் காட்டட்டும்!

இனங்களின் வருகையும் மறைவும் பெரிய பெரிய எல்லைக் கற்கள். நுட்பமான அளவுகோல் வேறு உண்டு. ஜாவாவிலே பிறந்த டான் சின் ஹோக் என்ற ஆராய்ச்சியாளர் 1930களில் மையோஜிப்சினா என்ற இனத்தின் கூடுகளை நுண்ணோக்கியில் வைத்து, கருவறையைச் சுற்றியுள்ள அறைகளை எண்ணினார். ஆம், எண்ணினார்! அடி அடுக்கில் கிடந்தவற்றில் சுருள் நீளம், அறைகள் பல. மேலே செல்லச் செல்லச் சுருள் சுருங்குகிறது, அறைகள் குறைகின்றன, இரட்டை இலக்கத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு வருகின்றன. டச்சு அறிஞர் ட்ரூகர் பிறகு இதைக் கணிதமாகவே ஆக்கினார். ஒரு கூட்டை நம்பாதே, பல கூடுகளில் எண்ணிச் சராசரி எடு, அந்தச் சராசரி எந்தப் படியில் நிற்கிறது என்று பார். நும்முலைட்டிலும் சில மரபுகளில் முதல் அறையின் விட்டம் காலம் செல்லச் செல்லப் பெருத்துக்கொண்டே போகிறது. "எண்ணிப் பார்த்தீரா?" என்றாரே பெரியவர். எண்ணித்தான் பார்த்தார்கள், ஐயா. கெட்டியான பாறையாயிருந்தால் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, கண் பூக்க எண்ணினார்கள்.

ஐரோப்பாவில் வகுத்த காலப் பெயர்கள் கிழக்கிந்தியத் தீவுகளின் பாறைக்குச் சரிவரப் பொருந்தவில்லை. வான் டெர் விளெர்க், உம்குரோவ் என்ற இருவர் 1927ல் பெயரே வேண்டாம் என்று வெறும் எழுத்துகளால் ஒரு வரிசை வகுத்தனர். பிறன் சட்டையைப் போட்டுக்கொண்டு திணறுவதைவிட இது எவ்வளவோ நேர்மை! மத்தியதரைக் கடற் பகுதிக்கு, ஆல்வியோலினா பற்றி ஹாட்டிங்கர் 1960லும், நும்முலைட் பற்றி ஷாவுப் 1981லும் செய்த உழைப்பின்மேல் நின்று, 1998ல் ஸெர்ரா கீல் குழுவினர் பேலியோசீன், இயோசீன் காலங்களை 20 மண்டலங்களாகப் பகுத்தனர்.

இங்கேதான் எதிரணியின் கூர்மையான அம்பு பாயும். "படிவத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறாய். அந்தப் படிவத்தின் வயது எப்படித் தெரியும் என்றால் பாறையைக் காட்டுகிறாய். நீயும் வட்டத்துக்குள்தானே சுற்றுகிறாய்?"

நல்ல கேள்வி. இதைக் கேட்டதும் கோபப்படுகிறவனுக்குப் பாடம் தெரியாது என்று பொருள். படிவம் தருவது வரிசை மட்டுமே. ஆண்டுக் கணக்கு வேறு வாயிலிலிருந்து வருகிறது. அந்த வாயிலில் நும்முலைட்டுக்கு வேலையே இல்லை. எரிமலை வெடித்துச் சாம்பல் கடலில் விழுந்து படிவுகளிடையே மெல்லிய ஏடாகக் கிடக்கிறது. அந்தச் சாம்பலிலே சிர்க்கான் என்ற மணிகள் உண்டு. மணிக்குள் சிறைப்பட்ட யுரேனியம் ஈயமாக மாறுகிறது. யுரேனியம் 238ல் பாதி ஈயமாவதற்கு 446 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் ஆண்டு கிடைக்கும். அளக்கும் பௌதிகக்காரனுக்கு நும்முலைட்டின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சாட்சி காந்தம். பூமியின் காந்த முனைகள் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடைசி மாற்றம் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். படிவுகளிலுள்ள இரும்புத் துணுக்குகள் அந்தந்தக் காலத்துத் திசையைக் காட்டிக்கொண்டு உறைந்து கிடக்கின்றன. மூன்றாவது சாட்சி கடல்நீரே. அதிலே கரைந்துள்ள ஸ்ட்ரான்ஷியத்தின் இருவகை அணுக்களின் விகிதம் கடந்த நான்கு கோடி ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருந்திருக்கிறது. கூடு கட்டிய நாளின் விகிதம் கூட்டிலேயே பதிவாகிவிடுகிறது.

ஆழமற்ற கடற் சுண்ணாம்புக்கல்லிலே எரிமலைச் சாம்பல் கிடைப்பது அரிது. அதனால் சங்கிலி ஒன்று வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில், கரையோரச் சுண்ணாம்புக்கல்லும் ஆழ்கடல் சுண்ணக்களியும் கைவிரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. கரையோர அடுக்கிலே நும்முலைட். அதனோடு கோத்துக் கிடக்கும் களியிலே, நீரில் மிதந்து வாழ்ந்து உலகெங்கும் பரவிய நுண்ணுயிர்களின் கூடுகள். அந்த மிதவை உயிர்களைக் காந்தக் கணக்கோடும் சாம்பல் கணக்கோடும் இணைத்த இடங்கள் வேறு. இத்தாலியில் மாசினியானோ என்ற ஊரின் அடுக்கிலே எரிமலைத் துகள் ஏடுகள் உண்டு. இயோசீன் காலத்தின் முடிவு, அதாவது 3 கோடியே 39 லட்சம் ஆண்டு என்னும் எல்லை, அந்த அடுக்கிலேதான் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே வாக்குமூலம் தந்தால் எந்த நீதிமன்றமும் ஏற்கும். இதுவோ வட்டம்?

கிசேவின் நும்முலைட் வாழ்ந்த லுட்டீசியன் காலம், 4 கோடியே 80 லட்சம் ஆண்டிலிருந்து 4 கோடியே 10 லட்சம் ஆண்டு வரை. நான் மேடையில் சொன்ன நான்கரைக் கோடி அதன் நடுப்புள்ளி. கூஃபு மன்னனின் பிரமிடு கட்டி ஏறத்தாழ நான்காயிரத்து ஐந்நூறு ஆண்டு. கட்டடத்தைவிடக் கல் பத்தாயிரம் மடங்கு மூத்தது!

துல்லியம் எவ்வளவு என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். பேலியோசீனும் இயோசீனும் சேர்ந்து 3 கோடியே 21 லட்சம் ஆண்டுகள், மண்டலங்கள் 20. சராசரியாக ஒரு மண்டலத்துக்குப் பதினாறு லட்சம் ஆண்டுகள். சில குறுகியவை, சில நீண்டவை. நாள், நட்சத்திரம், லக்கினம் எல்லாம் கிடைக்காது. பிழை இவ்வளவு இருக்கலாம் என்று தானே முன்வந்து சொல்வது விஞ்ஞானத்தின் வழக்கம். "பிழைக்கே இடமில்லை" என்று எந்தக் கணக்காவது வந்தால், அதைச் சோதிடம் என்று ஒதுக்குங்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இவை கரையோரத்து உயிர்கள். கடல் கலங்கினாலோ ஆழம் கூடினாலோ இடம் பெயர்ந்துவிடும். ஓரிடத்தில் மறைந்தது என்பதாலேயே உலகத்தில் மறைந்தது என்று முடிவு கட்டலாகாது. அமெரிக்கக் கடலின் இனங்கள் வேறு, நம் கடலின் இனங்கள் வேறு. இன்னொன்று, பழைய பாறை கரைந்து, அதன் கூடுகள் உருண்டு வந்து புதிய மணலோடு கலந்து புதைவதுண்டு. பாட்டனின் எலும்பு பேரனின் கல்லறையில் கிடப்பது போல! அப்படிக் கலந்து கிடந்தால், தேய்ந்தவை எவை, உடையாதவை எவை என்று பிரித்து, உள்ளவற்றுள் இளையது எதுவோ அதைக்கொண்டே கல்லின் வயதைச் சொல்ல வேண்டும். மூத்ததைக் காட்டிப் பெருமை பேசுகிறவன் ஏமாந்து போவான். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கும் இது பயன்படும்.

விஞ்ஞானியும் வழுக்குவான். கனடாவின் மிகப் பழைய பாறையிலே கண்ட வரிவரியான அமைப்பை, உயிர்களிலேயே முதல் உயிர், ராட்சதப் போராமினிபெரா என்று 1865ல் அறிவித்தார் டாசன். இயோசூன், விடியல் விலங்கு என்று பெயர். டார்வினே 1866ல் தம் நூலின் நான்காம் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். அயர்லாந்தின் கிங், ரவுனி என்ற இருவர், அது உயிரல்ல, தாதுக்களின் விளையாட்டு என்று அடித்துச் சொன்னார்கள். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1894ல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சுண்ணாம்புக்கல்லிலும் அதே வரிகள் இருப்பது தெரியவந்தது. நெருப்பிலே வெந்த கல்லில் உயிர் எப்படி வரும்? விடியல் விலங்கு அத்தோடு அத்தமித்தது. டார்வின் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக யாரும் அதற்குக் கோயில் கட்டவில்லை.

இலண்டன் அருங்காட்சியகத்தின் ரண்டால்ஃப் கிர்க்பாட்ரிக் கதை இதைவிடச் சுவையானது. நும்முலைட்டைப் பார்த்துப் பார்த்து, அவர் கண்ணுக்கு எல்லாக் கல்லும் நும்முலைட்டாகவே தெரியத் தொடங்கியது. கருங்கல்லும் நும்முலைட், எரிமலைக் குழம்பும் நும்முலைட், விண்ணிலிருந்து விழுந்த கல்லும் நும்முலைட்! 1912ல் தம் கைப்பணத்தைச் செலவிட்டு நூலாகவே வெளியிட்டார். காணும் இடமெல்லாம் ஒன்றையே காண்பதைப் பக்தி என்பார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலும் அந்த நோய் வரும். ஆனால் அதே மனிதர் சுண்ணாம்பு எலும்புடைய கடற்பஞ்சு ஒன்றைப் பற்றிச் சொன்னது மிகச் சரியென்று பிற்காலத்தார் கண்டனர். ஆளைப் பார்த்துத் தள்ளவும் இல்லை, ஆளைப் பார்த்துக் கொள்ளவும் இல்லை.

இனி, யுகக் கணக்கு. "எங்கள் கல்பம் 432 கோடி ஆண்டு. உங்கள் விஞ்ஞானி பூமிக்கு 454 கோடி என்கிறான். முன்னோர் அன்றே சொன்னார்கள் பார்த்தாயா!" என்று இப்போது படித்தவர்களே பேசித் திரிகிறார்கள். அந்தக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 432 கோடி என்பது கல்பத்தின் முழு நீளம். இப்போது அதில் கழிந்ததாகப் பஞ்சாங்கக்காரர் சொல்வது ஏறத்தாழ 197 கோடி. பொருத்தம் பேசுகிறவன் 197ஐயல்லவா 454ஓடு பொருத்திக் காட்ட வேண்டும்? பாதிகூட வரவில்லையே! 1650ல் ஐரிஷ் பாதிரியார் அஷர், விவிலியத்தின் வம்ச வரிசைகளைக் கூட்டிக் கழித்து உலகம் கி.மு. 4004ல் பிறந்தது என்றார். தவறான கணக்கு, ஆயினும் எதைக் கூட்டினார் என்று காட்டினார், அதனால்தான் தவறு என்று காட்டவும் முடிந்தது. கல்பக் கணக்குக்கு எந்தக் கல்லை எடுத்தார்கள், எதை எண்ணினார்கள்?

இமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வதிக்குத் தந்தை, பனிமலை வேந்தன் என்று பாடுகிறார்கள். சிம்லா மலைச்சரிவிலே சுபாத்து என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாறைகளில் நும்முலைட் கிடக்கிறது. லடாக்கிலும் கிடக்கிறது, திபெத்தின் தென்பகுதியிலும் கிடக்கிறது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கெல்லாம் வெயில் புகும் ஆழத்தில் கடல். அந்தக் கடல் மூடி, இந்திய நிலம் ஆசியாவை முட்டி, மடிந்து எழுந்ததுதான் மலை. மாமனார் பிறப்பதற்கு முன்பே அங்கே காசு குவிந்து கிடந்தது, தோழர்களே!

எதிரியைக் கேட்டாயிற்று. நம்மைக் கேட்க வேண்டாமா? கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர் நாம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மனிதன் என்ற இனத்துக்கே வயது மூன்று லட்சம் ஆண்டளவு. அரியலூர்க் கல்லுக்கு ஏழு கோடி. புலவரின் பெருமிதத்தைப் புலவருக்கு விட்டுவிடுவோம். வரலாறாக அதை விற்காதீர்கள். கடல் கொண்ட கண்டமும் அப்படியே. லெமூரியா என்ற பெயர், லெமூர் என்னும் விலங்கின் பரவலுக்கு விளக்கம் தேடி 1864ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் ஊகித்த நிலத்தின் பெயர். கண்டங்கள் நகர்வது உறுதியான பின் அந்த ஊகம் தேவையற்றுப் போயிற்று. 1972ல் கிளோமார் சாலஞ்சர் என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலின் தரையை ஆங்காங்கே துளையிட்டது. மேலே வந்தது என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆழ்கடலில் மழை போலப் பெய்து படிந்த போராமினிபெராக் கூடுகள். பனியுகம் முடிந்து கடல் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது மெய். கரையோர நிலத்தைக் கடல் விழுங்கியதும் மெய். மனிதர் வாழ்ந்த மாபெரும் கண்டம் அங்கே மூழ்கியது என்பதற்கு மட்டும் அந்தக் கூடுகள் சாட்சி சொல்ல மறுக்கின்றன. பிரமிடைப் பற்றிச் சொன்னபோது கைதட்டிய கை, குமரிக்கண்டத்தைப் பற்றிச் சொல்லும்போது நடுங்குமானால், நமக்கும் அந்த லாஸ்லோ மன்னனின் பக்தருக்கும் என்ன வேறுபாடு?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1921ல் அமெரிக்காவிலே, எஸ்தர் ரிச்சர்ட்ஸ் என்ற இளம்பெண் அறிஞர் சபையில் எழுந்து, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் போராமினிபெராக் கூடுகளைக் கொண்டே பாறை அடுக்குகளை இனங்காணலாம் என்றார். பேராசிரியர் ஒருவர் அதே சபையில் அவரை எள்ளி நகையாடினார். எஸ்தரும், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் என்ற இரு பெண்களும் டெக்சாஸிலே கிணறு கிணறாக ஆராய்ந்து 1925ல் முடிவுகளை அச்சிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் ஆய்வுக்கூடங்களுக்கு ஆள் தேடி ஓடின. எள்ளியவரின் துறையே அவர்கள் வழியில் நடந்தது. 1974ல் மும்பைக் கடலிலே கண்டெடுத்த எண்ணெயின் பெரும்பகுதி மையோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் அடைபட்டிருந்தது. அந்தக் கல்லின் அடுக்குகளைப் பிரித்தறிவதும் இந்தக் கூடுகளைக் கொண்டுதான். கல்லின் வயது பொய் என்று சொல்லப் புறப்படும் சொற்பொழிவாளர் ஏறிவரும் வண்டிக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்ததாம்?

ஒரு மாதம் கழித்து அதே படிப்பகத்துக்குச் சென்றேன். முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் பெரியவரும் வந்திருந்தார். சிரித்த இளைஞர் நால்வரும் மேற்சொன்னவற்றைத் தாமே படித்து, முறைவைத்து விளக்கினர். ஒருவர் தடுமாறினார், மற்றவர் எடுத்துக்கொடுத்தார். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் கல்லங்குறிச்சிக் கல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சிப்பிகள் நெருங்கிய கல். அதன் ஓரத்திலே, கைலென்சு வைத்துப் பார்த்தால் தெரியும் சிறு வட்டங்கள்.

"இதுவும் உங்கள் நும்முலைட்டா, தம்பி?" என்றார் பெரியவர்.

"இல்லை ஐயா. நும்முலைட் பிறப்பதற்கு ஒரு கோடி ஆண்டு முந்திய கல் இது. இவை ஆர்பிடாய்டிஸ் வகை" என்றார் முன்பு உரக்கச் சிரித்த இளைஞர்.

பெரியவர் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு, லென்சை வாங்கிக் கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டார். கல்லை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்:

"இதிலே கிடப்பவற்றுள் எது இளையது?"